வள்ளுவர் சிலை சாயவில்லை

அண்ணாச்சி, கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 2004 சுனாமியில் இடுப்போடு சாய்ந்துவிட்டது, அதைத் தாங்கத்தான் சாரம் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த வளைவு முதலிலிருந்தே உண்டு. 2000 ஜனவரி 1 அன்று எடுத்த திறப்பு விழாப் படத்தைப் பாருங்கள், இதே வளைவு இருக்கும். கணபதி ஸ்தபதி நடராசரின் ஒயிலை மனதில் வைத்து வேண்டுமென்றே வடித்தது அது. நடராசர் ஆடும் தாமிரசபை நம் நெல்லையப்பர் கோயிலில் இருக்க, இந்த ஊர்க்காரர்களுக்கு இடுப்பு வளைவு பிழையாகத் தெரியலாமா?

அலை பாறையில் மோதியது உண்மை. சிலை அசையவில்லை.

சாரம் கட்டுவது பராமரிப்புக்கு. காகிதக் கூழைக் கல்லில் அப்பி, அது உப்பை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு, ரசாயனம் பூசுவார்கள். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கிற இடம், செய்யாமல் விட முடியாது.

சிலை முழுவதும் "ஒரே கல்" என்று நீங்கள் எழுதியதும் சரியில்லை. பாதத்துக்கு அருகே நின்று பார்த்தால் கல்லும் கல்லும் சேரும் கோடு கண்ணில் படும். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகார எண்ணிக்கை. சிலை 95 அடி, அது பொருட்பால், இன்பத்துப்பால் இரண்டின் அதிகாரங்களும் சேர்ந்த எண்ணிக்கை. அதற்கான கல்லில் பெரும்பங்கு நம் அம்பாசமுத்திரத்துப் பக்கம் வெட்டியது. நம் மண்ணின் கல்லைப் பற்றி நாமே இப்படிப் பரப்புவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணாச்சி.