இறுக்கி விட்டிருக்கிறன் அண்ணை

"அண்ணை, உங்கடை சொக்கெற் லூசாக் கிடந்தது. நான் வடிவா இறுக்கி விட்டிருக்கிறன்."

இந்த வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால் கோபப்படாதீர்கள். ஒரு ஓரமாகப் போய் இருந்து கொஞ்சம் கச்சான் சாப்பிடுங்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. உங்கள் பெடல் போர்ட், அதாவது கிற்றாரின் சத்தத்தை மாற்றுகிற பெடல்களை வரிசையாக வைத்திருக்கிற பலகை, செத்து நேரமாகிவிட்டது. செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

போன சனிக்கிழமை மாங்குளப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் விளையாட்டுக் கழக ஆண்டு விழா. எங்கள் இசைக்குழு ஏழரைக்கு மேடை ஏற வேண்டும். நான் கிற்றார். ஏழரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சிறப்புரையை விடச் சிறப்பான இன்னொரு உரை, கிண்ணம் கொடுத்தல், படம் எடுத்தல், படத்தில் கண் மூடிவிட்டது என்று அதே கிண்ணத்தைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தல். நான் போர்டை மேடை ஓரத்தில் வைத்து, எல்லாம் குத்தி, சத்தம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அந்த ஒரு தேத்தண்ணி நேரம்.

அதற்குள் சவுண்ட்காரப் பொடியன் வயர் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்திருக்கிறான். என் போர்டைப் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு போகலாம்தானே? கிற்றார் வயர் குத்துகிற உள்ளீட்டுச் சொக்கெற் கொஞ்சம் ஆடினதாம். இடுப்பில் குறடு இருந்ததாம். பிறகென்ன, கை சும்மா இருக்குமா?

இனி நடந்ததை நான் மெதுவாகச் சொல்லப்போகிறேன். எனக்கு இது ஆற வேண்டும்.

சொக்கெற்றின் உடம்பு தகட்டுக்கு உள்ளே. கழுத்து மட்டும் துளை வழியாக வெளியே வரும். கழுத்தில் மரை, மரையில் நட்டு. வெளியே நின்று குறட்டால் நட்டைத் திருகினால் நட்டு மட்டும் திரும்பும் என்று அந்தப் பொடியன் நினைத்திருக்கிறான். நட்டு அப்படி நினைக்கவில்லை. அது கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு முழுச் சொக்கெற்றையும் கூட்டிக்கொண்டு சுற்றும். உள்ளே யாரும் உடம்பைப் பிடிக்கவில்லை. போர்டைக் கவிழ்த்து, விரலை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டு வெளியே திருக வேண்டும். அது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் தேத்தண்ணியில் இருக்கிறேன்.

உள்ளே இரண்டு கால். ஒன்று பிளக்கின் முனைக்கு, மற்றது எர்த்துக்கு. சொக்கெற் சுற்றச் சுற்றக் காலில் பிடித்த வயரும் சுற்றும். கொஞ்சம் இழுபடும், முறுகும், எர்த் பின்னலின் மெல்லிய இழைகள் விரிந்து பக்கத்துக் காலில் போய்ச் சாய்ந்துகொள்ளும். வேலை முடிந்தது. கிற்றாரிலிருந்து வருகிற எல்லாம் நேரே எர்த்துக்குள் இறங்கிவிடும், ஒரு துளி கூட முதல் பெடலுக்குப் போகாது. இதில் கேவலம் என்னவென்றால், முறுகிய வயர் ஒரு கட்டத்துக்கு மேல் விட்டுக்கொடுக்காது. அப்போது நட்டு இறுகும். குறடு பிடித்த கைக்கு 'ஆ, இப்ப சரி' என்று ஒரு திருப்தி வரும். உள்ளே குடல் முறுகின திருப்தி அது.

அறிவிப்பாளர் எங்களை அழைத்தார். கைதட்டல். டிரம்ஸ்காரர் நாலு தட்டுத் தட்டினார். நான் கம்பியை இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

இரைச்சல் வந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன். உண்மையாக. எர்த் விட்டுப்போனாலும் சரி, முனை வயர் அறுந்து தொங்கினாலும் சரி, இந்த நாட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஸ்பீக்கரை நிறைத்துவிடும். அந்த 'ம்ம்ம்'முக்கு ஒரு அர்த்தம் உண்டு: வயர் எங்கோ விட்டிருக்கிறது, தேடு. இது அப்படி இல்லை. துப்புரவான, பரிசுத்தமான அமைதி. மடுமாதா கோயிலில் கூட அவ்வளவு அமைதி நான் கண்டதில்லை. வயர்ப் பிழைகளில் அப்படி ஒரு அமைதி ஷோர்ட்டில்தான் வரும்.

மேடையில் இனி எல்லாரும் பொறியியலாளர்கள். கீபோர்ட்காரர், "வொலியூம் கூட்டிப் பாரும்." கூட்டினேன், பூச்சியத்தைப் பத்தால் பெருக்கினால் என்ன வருமோ அது வந்தது. பாடகர், "கிற்றார் பழசோ?" தபேலா ஐயா, "தம்பி, பற்றரி செத்திருக்கும், மாத்தும்." ஐயாவில் பிழையில்லை. பெடல்களில் உள்ளீட்டுச் சொக்கெற்றை ஸ்டீரியோவாகப் போட்டு, மோனோ பிளக் குத்தும்போது வளையமும் உடலும் ஒன்றாவதை வைத்துத்தான் 9 வோல்ட் பற்றரியை இணைக்கிறார்கள், பிளக் குத்தியிருக்கும் வரை பற்றரி ஓடும். வயரைக் கழற்றாமல் படுத்தால் விடிய பற்றரி காலி, அந்த அனுபவம் இல்லாதவர் யார்? ஆனால் என் போர்ட் முழுக்க அடப்டரில் ஓடுகிறது. பெடல்களின் சின்னச் சிவப்பு லைட் எல்லாம் பற்றி எரிகிறது. எல்லாம் உயிரோடு, எல்லாம் தயார், அவற்றுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

மிக்சருக்குப் பின்னாலிருந்து நம்மாள் கையைத் தூக்கிச் சொன்னான்: "அண்ணை, என்ரை பக்கம் எல்லாம் ஓகே. சிக்னல் வரேல்லை. உங்கடை பக்கம்தான் ஏதோ."

என்னுடைய பக்கம்தான். ஓம்.

முதலாவது பாட்டின் பாதியில் போர்டை விட்டுவிட்டு நேரே அம்ப்பில் குத்தினேன். எதிரொலி தருகிற டிலேயும் இல்லை, சத்தத்தை உறும வைக்கிற ஓவர்டிரைவும் இல்லை. காய்ந்த சத்தம். இடைவேளையில் அவனே வந்து, முகத்தில் ஒரு நல்ல பிள்ளைச் சிரிப்போடு, நான் மேலே முதலில் எழுதிய வசனத்தைச் சொன்னான். "அதோடை ஏதும் பிரச்சினை இல்லைத்தானே?" என்றும் கேட்டான். நல்ல பிள்ளைதான், பிறகு என் அம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏற்றிவிட்டதும் அவன்தான். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் ஏசியாவது தீர்க்கலாம்.

இதை வாசிக்கிற சில பேர் இப்போது கேட்பீர்கள்: பெடலிலேயே சொக்கெற் இருக்க, போர்டில் தனியாக ஏன் சொக்கெற், ஏன் இந்த விசர் வேலை? கேளுங்கள். அனேகமாகப் பெடலின் உள்ளீடு வலது பக்கம், வெளியீடு இடது பக்கம். நிறையப் பெடல்களில் சொக்கெற் நேரே சர்க்கிட் பலகையில் பிடித்திருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதில் குத்தி, இழுத்து, கடைசியில் ஒருநாள் யாரோ ஒரு கழகத் தலைவர் வயரில் கால் தடக்கினால் பெடலின் பலகையே வெடிக்கும். போர்டின் பின்பக்கம் ஒரு உள்ளீடு, ஒரு வெளியீடு வைத்து, அங்கிருந்து பெடலுக்கு நிரந்தரமாக வயர் ஓடவிட்டால், தடக்குகிற காலின் உதை ஒரு சின்னச் சொக்கெற்றோடு போகும். நியாயமான யோசனை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். உலகம் முழுக்கச் சாமானும் கிடைக்கிறது.

கிளிநொச்சியில் ஒரு கடையில் "கிற்றார் சொக்கெற் இருக்கோ?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் போன் ஹெட்செற் சொக்கெற் காட்டுவார்கள். "பெருசு" என்றால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கிற சிவப்புக் கறுப்பு அமுக்கி காட்டுவார்கள். "கால் அங்குலம், 6.35 மில்லிமீற்றர்" என்றால், "மைக் குத்திறதோ? அப்பிடிச் சொல்லுறதுதானே தம்பி" என்று பெட்டிக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஒன்று எடுப்பார்கள். ஒன்று. உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றால், "இதைக் கொண்டுபோய் முதல்ல பாவிச்சுப் பாருங்கோவன்."

பலகையில் நேரே பூட்டவும் முடியாது. 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் துளைத்தால் கழுத்து மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, நட்டுக்குப் பிடி இல்லை. ஆகவே யன்னல் செய்கிற அலுமினியக் கடையில் ஒரு துண்டு 'எல்' சட்டம் கெஞ்சி வாங்கினேன். துளை எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர். என்னிடம் இருந்த துளையூசிகளில் 9 இருந்தது, 10 இருந்தது. 9இல் துளைத்து அரத்தால் அராவ வேண்டும். எர்த்தைச் சட்டத்திலேயே பிடிப்போம் என்றால் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, மேலே உள்ள ஒட்சைட்டுப் படலம் விடாது. சரி, ஒட்டாது என்று தெரியும், ஆனாலும் ஒருக்கா வைத்துப் பார்க்காமல் இருக்க யாரால் முடிகிறது?

பிறகு ஈயம் பிடிக்கிற கூத்து. நான் வைத்திருக்கிற 60க்கு 40 ஈயக்கம்பி 190 பாகைக்குள் உருகிவிடும், ஈயம் உருக்குகிற அயனைக் கேட்டால் அதுவும் சம்மதம்தான். பக்கத்து வளவுக்காரர் சம்மதிக்க வேண்டுமே. நான் பொடித்துணியால் காலைத் துடைத்து, அயனை வைத்து, ஈயம் ஓடத் தொடங்குகிற அதே வினாடியில் அவர் தண்ணி மோட்டரைப் போடுவார். லைட் மங்கும். அயன் ஆறும். ஈயம் ஓடாமல் காலின் மேல் ஒரு சாம்பல் உருண்டையாக உறைந்து நிற்கும். தொட்டால் கழன்று விழும். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி விடவேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. விடியக் காலையில் விட்டால் மிளகாய் கோபிக்குமா?

வயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது. நல்ல கிற்றார் வயரின் உள்ளே, பின்னலுக்குக் கீழே, நடு வயரின் காப்புக்கு மேலே, மெல்லிய கறுப்பு பிளாஸ்ரிக் படலம் ஒன்று இருக்கும். பார்வைக்கு அதுவும் ஒரு காப்பு. ஆனால் அது மின்னைக் கடத்துகிற படலம். வயர் மிதிபடும்போது கேட்கிற கரகர சத்தத்தை அடக்குவதற்குப் போட்டது. அதைக் கொஞ்சம் பின்னால் உரித்து விடாமல் முனைக்காலில் பிடித்தால் பாதி ஷோர்ட். சத்தம் மங்கலாக வரும், ஒருநாள் வரும், ஒருநாள் வராது. கடத்தாததும் கறுப்பு, கடத்துவதும் கறுப்பு. இதை யோசித்தவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் படலத்தை உள்காப்பு வெட்டுப்படாமல் சவர அலகால் உரிக்கிறவன் கையை ஒருநாள் பார்த்திருக்கிறீர்களா?

இவ்வளவும் முடித்து, உள்ளே சொக்கெற் சுழலாமல் இருக்கப் பல்லுப் பல்லான வாசர் ஒன்று போட வேண்டும். தகட்டைக் கடித்துப் பிடிக்கிற சாமான். அந்த வாசர் ஒன்று இருந்திருந்தால் பொடியனின் குறடு ஒன்றும் செய்திருக்காது. அதுவும் இங்கே இல்லை. இரும்புக்கடை அண்ணை ஒரு மணித்தியாலம் தேடி, சைக்கிள் பின்சில்லு அச்சின் நட்டு ஒன்று தந்து, "இதை மேலால போட்டு இறுக்கும், பிறகு கடவுள் வந்தாலும் அசையாது" என்றார். அளவு எட்டில் மூன்று அங்குலம்தான், பார்த்தால் பொருந்தும். ஆனால் சைக்கிள் அச்சின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று, சொக்கெற்றின் மரை 32. அரைச் சுற்றில் மரை செத்துவிடும். வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் முகம் கோணிவிட்டது. "நாங்கள் ட்ராக்டரே ஓட்டுறம் இதுகளை வச்சு" என்றார். வாசருக்காக வவுனியாவுக்கும் பஸ் ஏறினேன். முறிகண்டியில் வழக்கம்போல் நிறுத்தி, சனம் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தது. நானும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினேன், வாசர் கிடைக்க வேண்டும் என்று. கச்சான் கிடைத்தது.

ஞாயிறு முழுக்கப் போர்டைக் கவிழ்த்து வைத்து மீற்றரை 'பீப்'பில் போட்டேன். முனைக்கும் எர்த்துக்கும் இடையில் கம்பியை வைத்தவுடன் பீப், அதாவது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தப் பீப்பைக் கேட்க எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். எல்லாம் வெட்டி, உரித்து, திரும்பப் பிடித்து, மோட்டர் போடுகிற நேரம் பார்த்து இருந்து, முடித்தாயிற்று. சட்டத்தின் மேல் கறுப்பு மார்க்கரால் 'தொடாதே' என்றும் எழுதிவிட்டேன். எழுதிப் பிரயோசனம் இல்லை, நல்ல மனசுக்காரருக்கு அது கண்ணில் படாது. "அண்ணை, உங்கடை போர்டில ஏதோ கிறுக்கியிருந்தது, நான் தின்னர் போட்டு வடிவாத் துடைச்சு விட்டிருக்கிறன்" என்று அடுத்தவன் வருவான்.

ஆ, இதைச் சொல்ல மறந்துபோனேன். விழா முடிவில் பொன்னாடை. தலைவருக்கு, செயலாளருக்கு, சிறப்புரைகளுக்கு, பாடகருக்கு. பிறகு அறிவிப்பாளர் குரலை உயர்த்தி, "இன்றைய நிகழ்வைச் சிறப்பான ஒலியமைப்பினால் மெருகூட்டிய" என்று தொடங்கினார். ஓம். அவனுக்குத்தான். நானும் சேர்ந்து கைதட்டினேன், வேறென்ன செய்ய. எனக்கும் ஒன்று போட்டார்கள், "தொழில்நுட்பக் கோளாறின் மத்தியிலும்" என்று சொல்லி.

அந்தப் பொன்னாடையைத்தான் கேட்கிறேன். இதை யார் செய்கிறார்கள்? கட்ட முடியாது, போர்க்க முடியாது, தலை துடைத்தால் தண்ணி அப்படியே நிற்கும். ஒவ்வொரு விழாவுக்கும் ஒன்று, அலுமாரி நிறைய அடுக்கிக் கிடக்கிறது. மனிசி ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அயனின் முனையைத் துடைக்கத் துணி இல்லாமல் அதில் ஒன்றை எடுத்தேன். பொலியெஸ்ரர். தொட்டவுடன் உருகி முனை முழுக்க அப்பிக்கொண்டது. சரிகை வேறு. புது முனை கொழும்பிலிருந்து வரவேண்டும். கழகக்காரரே, ஒரு பருத்தித் துவாய் தந்தால் என்ன குறைந்தா போய்விடுவீர்கள்?