பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க

லாரி ஓனர்ங்க வாட்ஸ்அப் குரூப்புல வாரத்துக்கு ஒருத்தராவது இந்த மாதிரி வீடியோவைப் போட்டுடறாங்க. டீசல் அடிடிவ்னு, அதாவது டீசல்ல கலக்கற மருந்துன்னு சின்ன பாட்டில் ஒண்ணு, டேங்க்ல ஊத்தறாங்க, வண்டி கெளம்புது, கடைசியில டிரைவர் ஒருத்தர் "லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் ஏறுது சார்"னு சொல்றாரு. கீழ பார்த்தா "ரேட் எவ்ளோணா?", "வேலூர்ல எந்தக் கடையில கெடைக்கும்?"னு வரிசையா கமெண்ட். ஒருத்தர்கூட "எதுக்கு ஊத்தணும்?"னு கேக்கறதில்ல.

கணக்கைப் பாருங்க. லோடு ஏத்துன பன்னெண்டு வீல் வண்டி லிட்டருக்கு 4 குடுத்தாலே நமக்கு சந்தோஷம். 4 வந்து 5 ஆகுதுன்னா 25 சதவீதம். டாடாவும் லேலண்டும் நூத்துக்கு ரெண்டு மூணு சதவீதம் மைலேஜ் ஏத்த வருஷக்கணக்கா எஞ்சினோட மல்லுக்கட்டறாங்க. ஒரு பாட்டில்ல 25 சதவீதம் ஏறும்னா ஃபேக்டரியிலயே ஊத்தி அனுப்பியிருப்பாங்க. 1996-ல மூலிகை பெட்ரோல்னு கேட்டு இந்த மாநிலமே வாயைப் பொளந்து நின்னதை நாம பார்த்தவங்கதானே. அப்பவே கொஞ்சம் புத்தி வந்திருக்கணும்.

ஆனா டீசல் அடிடிவ் எல்லாமே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. அது ரொம்ப ஈஸியான பேச்சு. என் கட்சி இதுதான்: வண்டியில என்ன கோளாறுன்னு பார்க்காம வாங்கற பாட்டில் தண்டம். கோளாறு தெரிஞ்சு வாங்குனா சில பாட்டில் நெஜமாவே வேலை செய்யும். சிலது உங்க வண்டிக்கே ஆகாது.

முதல்ல இந்த மைலேஜ் டெஸ்ட் விஷயத்தை முடிச்சிடலாம். நம்ம ரூட்டைப் பத்தி நமக்கே தெரியும். வேலூர் கடல் மட்டத்துலேர்ந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல. கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி, ஓசூர்னு ஏற்றம்தான். போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது வேற மைலேஜ். ஓசூர்ல டேங்க் ஃபுல் பண்ணி, பாட்டில் ஊத்தி, வாலாஜாவுல வந்து அளந்தா எந்த வண்டியும் கூடத்தான் காட்டும். தண்ணியை ஊத்தினேன்னு சொல்லியிருந்தாலும் அதே கணக்குதான் வந்திருக்கும். போதாததுக்கு ஆனி, ஆடியில மேல்காத்து. வாணியம்பாடி பக்கம் மேற்கே போற வண்டிக்கு மூஞ்சியில அடிக்கும், கெழக்கே வர்ற வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளும். டயர்ல காத்து, பள்ளிகொண்டா டோல்ல நின்ன நேரம், பங்க்ல நாசில் கட் ஆன எடம், இப்படி ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சாதாரணமா இந்த பாட்டில் ஆயிரத்துக்கு ஒண்ணு கணக்கு, அதாவது லிட்டர் டீசலுக்கு 1 மில்லி. ஒரு லிட்டர் பாட்டில் ஆயிரம் ரூபாய்னு வெச்சுக்கிட்டா லிட்டர் டீசலுக்கு ஒரு ரூபாய் செலவு. டீசல் 92 ரூபாய்னு எடுத்துக்கிட்டா, போட்ட காசு திரும்ப 1.1 சதவீதம் மைலேஜ் ஏறினாப் போதும். லிட்டருக்கு 44 மீட்டர்! நம்ம ரோட்டுல, நம்ம டேங்க் ஃபுல் கணக்குல, 44 மீட்டரை எவன் கண்டுபிடிக்கறது? விக்கறவனாலயும் நிரூபிக்க முடியாது, வாங்கறவனாலயும் பொய்னு சொல்ல முடியாது. இந்த வியாபாரம் இத்தனை வருஷமா ஓடறதே அந்த 44 மீட்டர்லதான்.

சரி, பாட்டிலுக்குள்ள என்னதான் இருக்கு? பஸ் ஸ்டாண்டுல விக்கற தைலம் மாதிரி மூட்டுவலி, தலைவலி, முடி கொட்டறது எல்லாத்துக்கும் ஒரே சரக்குன்னுதான் பேசறாங்க. ஆனா உள்ள இருக்கற கெமிக்கல் ஒவ்வொண்ணும் தனித்தனி வேலைக்கு. டீசல் ஒறையாம இருக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. அது லடாக் பக்கம் ஓடற வண்டிக்கு. இந்தியன் ஆயில் 2019-ல அந்த ஊருக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்கற டீசலை எறக்குச்சு. கத்திரி வெயில்ல தாரு உருகி டயர்ல ஒட்டற வேலூர்ல அதை விக்கறவனுக்கு என்ன தைரியம்! அடுத்தது சீட்டேன் ஏத்தறது. டீசல் எவ்ளோ சீக்கிரம் பத்திக்கும்ங்கறதுக்கு அளவு சீட்டேன் நம்பர். பி.எஸ்.6 டீசல்ல, அதாவது இப்ப இருக்கற புகை விதிப்படி வர்ற டீசல்ல, அது கொறைஞ்சது 51 இருந்தே ஆகணும். காலையில ஸ்டார்ட்டிங் டிரபிள், வெள்ளைப் புகைன்னு கஷ்டப்படற பழைய வண்டிக்குக் குளிர் ஊர்ல இது உதவும். நமக்குப் பெருசா ஒண்ணும் இல்ல.

வழவழப்புக்குன்னு இன்னொண்ணு. இதுல ஒரு நியாயமான கதை இருக்கு. பி.எஸ்.3 காலத்துல டீசல்ல கந்தகம் 350 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல 350 பங்கு வரைக்கும் இருக்கலாம். பி.எஸ்.4-ல 50 ஆச்சு. 2020 ஏப்ரல்லேர்ந்து நாடு முழுக்க 10. கந்தகத்தை எடுக்கற ப்ராசஸ்ல டீசலோட இயற்கையான வழவழப்பும் போயிடும். எஞ்சினுக்கு டீசலை அனுப்பற பம்ப்பும், உள்ள பீய்ச்சற இன்ஜெக்டர் நாசிலும் டீசல்லயே நனைஞ்சு ஓடறதால தேய்மானம் வரும். "பழைய டீசல்ல எண்ணெய்ப் பசை இருந்துச்சு, இப்ப இல்ல"னு பழைய டிரைவருங்க சொல்றது சும்மா இல்ல. ஆனா ரிஃபைனரிக்காரங்களுக்கும் அது தெரியும். அதுக்குண்டான மருந்தை அவங்களே சேர்த்துத்தான் அனுப்பறாங்க. ஒரு குண்டை டீசல்ல முக்கித் தகட்டுல தேய்ச்சுப் பார்ப்பாங்க. தேஞ்ச தழும்பு 460 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் கம்மியா இருந்தாத்தான் அந்த டீசல் பாஸ். நீங்க காசு குடுத்து ஊத்தறது ஏற்கெனவே உள்ள இருக்கு.

அப்ப வண்டியைக் கெடுக்கறது எது? தண்ணியும் தூசியும். இதைச் சொன்னா யாருக்கும் சுவாரசியமே இல்ல. கொணவட்டத்துல எங்களுக்குத் தெரிஞ்ச பம்ப் கடை பாய் ஒருத்தர் இருக்காரு. நாசில் வேலைக்கு வர்ற வண்டிக்காரங்ககிட்ட அவரு கேக்கற முதல் கேள்வி, "தண்ணி எப்பப்பா தொறந்து விட்டீங்க?" பாதிப் பேருக்கு ஃபில்டருக்கு அடியில தண்ணி எறக்க ஒரு திருகு இருக்கறதே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில அரை டேங்க்கோட வண்டி நின்னா உள்ள இருக்கற காத்துல ஈரம் படிஞ்சு தண்ணியா எறங்கும். இப்ப டீசல்ல பயோடீசல் 7 சதவீதம் வரைக்கும் கலக்கலாம்னு விதி இருக்கு. பயோடீசல் ஈரத்தை நல்லாவே இழுக்கும். அந்தத் தண்ணி டேங்க் அடியில தேங்கி, அதுக்கும் டீசலுக்கும் நடுவுல பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கறுப்பா, கொழகொழன்னு. ஃபில்டரை அடைக்கறது அதுதான். பழைய இன்லைன் பம்ப் வண்டி எப்படியோ இருமிக்கிட்டே ஊர் வந்து சேரும். இப்ப வர்ற காமன் ரயில் வண்டியில எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்லேர்ந்து டீசல் போகும், 1,600 பார், அதுக்கு மேலயும் பிரஷர். இன்ஜெக்டருக்குள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு சொட்டுத் தண்ணி போதும் முனையைக் கெடுக்க.

இங்கதான் பாட்டிலைத் தேர்ந்தெடுக்கறதுல பெரிய சிக்கல். "தண்ணியைப் போக்கும்"னு போட்டு விக்கறதுல நேர் எதிரான ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தண்ணியைப் பிரிச்சுக் கீழ எறக்கும், நீங்க தண்ணியைப் பிரிச்சு நிறுத்தற செப்பரேட்டர்ல தொறந்து விட்டுடலாம். இன்னொண்ணு தண்ணியை டீசலோடயே கலந்து, பொடிப்பொடிச் சொட்டாக்கி எஞ்சினுக்கு அனுப்பி எரிச்சுடும். பழைய வண்டியில ரெண்டாவதும் ஓடிச்சு. காமன் ரயில் வண்டியில அது செப்பரேட்டரை ஏமாத்திட்டு தண்ணியை நேரா இன்ஜெக்டருக்குக் கூட்டிட்டுப் போகுது. லேபிள்ல எந்த வகைன்னு தெளிவா இல்லைன்னா அதைத் தொடாதீங்க. பூஞ்சையைக் கொல்ற மருந்தும் அப்படித்தான். ஊத்தினா சாகும், செத்தது எங்க போகும்? ஃபில்டருக்குத்தான். டேங்க்கைக் கழட்டிக் கழுவாம அதை மட்டும் ஊத்திட்டு லோடு ஏத்துனா மாதனூர் தாண்டறதுக்குள்ள வண்டி நிக்கும்.

எனக்கு நம்பிக்கை இருக்கற ஒரே வகை, இன்ஜெக்டர் அழுக்கை எடுக்கற டிடர்ஜென்ட். அதுவும் எல்லா வண்டிக்கும் இல்ல. ராணிப்பேட்டை சிப்காட் கேட்டுல, ஆம்பூர் தோல் கம்பெனி வாசல்ல எஞ்சினை ஓட விட்டுக்கிட்டே மணிக்கணக்கா நிக்கற வண்டிங்க, சின்னச் சின்ன ட்ரிப் அடிக்கற டிப்பருங்க, இதுங்க இன்ஜெக்டர்ல படிவு சீக்கிரம் ஏறும். செகண்ட்ஸ்ல வாங்கி, முன்னாடி எங்க டீசல் போட்டான்னே தெரியாத வண்டிக்கும் பார்க்கலாம். ஊத்தறதுக்கு முன்னாடி இன்ஜெக்டர் ரிட்டர்ன் லீக், அதாவது எரியாம திரும்பி வர்ற டீசல் எவ்ளோன்னு, ஒரு தடவை செக் பண்ணிடுங்க. தேஞ்சுபோன இன்ஜெக்டரை எந்த பாட்டிலும் திரும்ப வளர்க்காது. அளவுக்கு மேல ஊத்தினா டேங்க்லயும் லைன்லயும் இருக்கற பழைய படிவு மொத்தமா கெளம்பி ஃபில்டரை அடைக்கும், அதனால கையில ஒரு ஃபில்டர் வெச்சுக்கிட்டு ஊத்துங்க. ஆயில் கம்பெனிங்களோட பிரீமியம் டீசல்லயும் இந்த மாதிரி சரக்குதான், பங்க்குக்கு வர்றப்பவே அளவாக் கலந்து வருது. அப்பப்ப ஒரு டேங்க் அதைப் போடறது பாட்டிலை விட நல்லதுன்னு நான் நெனைக்கறேன், கை அளவு தப்பாதுல்ல.

பி.எஸ்.6 வண்டி வெச்சிருக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். இரும்பு, சீரியம் மாதிரி உலோகம் கலந்த பாட்டில் உண்டு. எரிஞ்சதுக்கு அப்புறம் அது சாம்பலா நிக்கும். புகையில இருக்கற கரியைப் பிடிக்கற டி.பி.எஃப். ஃபில்டர்ல கரி மாட்டினா ரீஜென்ல, அதாவது அது சூடாகித் தன்னைச் சுத்தம் பண்ணிக்கறப்ப, எரிஞ்சு போகும், சாம்பல் போகாது. டீசல்ல டூ-டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்தற ஆயில், கலக்கற பழக்கமும் அதே ரகம். பழைய டாடா 1613 லாரி டிரைவர் மாமாங்க அது மேல சத்தியமே பண்ணுவாங்க, அவங்க வண்டிக்கு அது பெருசா கெடுதல் பண்ணியிருக்காது. இப்ப வர்ற வண்டியில வேண்டாம் மாமா. மண்ணெண்ணெய் கதையே வேற, அது இருக்கற வழவழப்பையும் கழுவிட்டுப் போயிடும்.

இன்னொண்ணு. ஆட் ப்ளூ, நம்ம பசங்க யூரியான்னு சொல்றது, அது டீசல் அடிடிவ் இல்லவே இல்ல. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணி. அதுக்கு நீல மூடி போட்ட தனி டேங்க், அது போறது சைலன்சர் பக்கம். புதுசா வண்டி ஏறின பையன் அதை டீசல் டேங்க்ல ஊத்திட்டான்னா சாவியைத் திருப்பவே கூடாது. டேங்க்கைக் காலி பண்ணிட்டுத்தான் மத்த வேலை.

டீசல் வாங்கற எடத்தையும் கொஞ்சம் பாருங்க. காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை பக்கம் பங்க்குங்கள்ல எப்பவும் லாரிக் கூட்டம், ஆந்திராவுல டீசல் ரேட் அதிகம்ங்கறதால எல்லாரும் இங்கயே ரொப்பிட்டுத்தான் எல்லை தாண்டறாங்க. கூட்டம் இருக்கற பங்க்ல சரக்கு தேங்கறதில்ல. டேங்கர் எறக்கிட்டு இருக்கற நேரத்துல மட்டும் போடாதீங்க, அடியில இருக்கறது எல்லாம் கலங்கி நிக்கும். சந்தேகம் வந்தா அடர்த்தி செக் பண்ணிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, 15 டிகிரி கணக்குக்கு மாத்தினா போர்டுல எழுதினதுக்கும் வந்ததுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்டா மொறைப்பாங்க. மொறைக்கட்டும்.

கமெண்ட்ல "எந்த பிராண்டுணா நல்லது?"னு மட்டும் கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். வண்டி மாடல் என்ன, ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனீங்க, திருகைத் தொறந்தப்ப தண்ணி வந்துச்சா, இந்த மூணையும் போடுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததுக்கு பாயைக் கேட்டுச் சொல்றேன்.