ஊற்றோரம் எண்ணியது போதும், கொடியைத் தேடுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூர் நண்பர்களின் சமூக ஊடகப் பக்கமெல்லாம் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிதான். பேராக் மாநிலத்தில் தாப்பாவுக்கு மேலே குவாலா வோ, கோப்பெங் பக்கம் உலு கெரோ என்று குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கறுப்பு இறகில் பச்சை மின்ன, சுடுநீர் ஊற்றோரம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அழகுதான், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கீழே "இவ்வளவு இருக்கே, இதுக்கு எதுக்குப் பாதுகாப்பு?" என்று யாராவது எழுதுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊற்றுக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே ஆண் பூச்சிகள். மண்ணில் கசியும் தாது உப்பை உறிஞ்ச வருகின்றன. பெண் பூச்சி அங்கே வருவது அபூர்வம், அது மர உச்சியில் பூக்களிடையே இருக்கும், இல்லையென்றால் முட்டையிடக் கொடி தேடி அலையும். அந்தக் கொடி அரிஸ்டோலோக்கியா இனம், நம் ஆடுதின்னாப்பாளைக்குச் சொந்தம். புழு வேறு எந்த இலையையும் தொடாது. இலையிலுள்ள நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால்தான் பறவைகள் அதைக் கொத்துவதில்லை. கொடி போனால் பூச்சியும் போய்விடும், ஊற்று அப்படியே இருந்தாலும்.

காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்தப் பூச்சி இருக்கிறது, அனுமதியில்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது. நல்லது. கொடிக்கு என்ன பாதுகாப்பு? மரம் வெட்டுவதற்கு முன் கொடிகளை அறுத்துவிடுவது காட்டுத் தொழிலில் சாதாரண வேலை, அறுபடுவது எந்தக் கொடி என்று யார் பார்க்கிறார்கள்?

அதனால் ஊற்றோரம் எண்ணுவது போதாது, கணக்கெடுப்பு என்றால் காட்டுக்குள் போக வேண்டும். ஒரே பாதை, வெயில் உள்ள நேரம், மெதுவான நடை, இரு பக்கமும் இரண்டரை மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எண்ணுவது, வாராவாரம் அதையே திரும்பச் செய்வது. பிரிட்டனில் 1976 முதல் இப்படித்தான் எண்ணுகிறார்கள். நம் காட்டில் மர உச்சியில் பறப்பது இதில் சிக்காது என்பது உண்மை, ஆகவே கொடி, முட்டை, புழு எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

அதற்கு உலு கெரோவின் செமாய் பழங்குடி மக்களை விட்டால் யார்? முன்பு பூச்சி பிடித்து விற்றவர்களே மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு வழிகாட்டிகள் ஆனார்கள். அவர்களைப் பயணிகளுக்கு வழிகாட்ட மட்டும் வைத்திருக்காமல், கணக்கெடுப்புக்கும் முறையாகச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

சரி, அடுத்த விடுமுறையில் போகிறவர்கள் ஊற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வழிகாட்டியிடம் கொடியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இலையைப் படம் எடுத்து, நாளோடு ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். சரியான இடத்தை மறைக்கும் வசதி அதிலேயே உண்டு, தயவுசெய்து மறைத்தே ஏற்றுங்கள், பூச்சி பிடிப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.