டிஸ்ப்ளே மாத்த எவ்ளோ ஆகும்? இத மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டான்

நான் இத டைப் பண்ணிட்டிருக்கிற போனுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக்கோடு நிக்குது. கீபோர்டுக்க நடுவுல கூடி போவுது. அதனால எங்கயாவது எழுத்து மாறிக் கெடந்தா அது எனக்க தப்பு இல்ல, கோட்டுக்க தப்பு.

வாங்கி 14 மாசம் ஆச்சு. 22,999 ரூவா. கீழ விழல, தண்ணியில விழல, கவர் போட்டு டெம்பர் கிளாஸ் ஒட்டி புள்ளைய பாக்குத மாதிரி பாத்தேன். ஒரு நாள் ராத்திரி சிஸ்டம் அப்டேட் வந்திருக்கு இன்ஸ்டால் பண்ணுன்னு நொய்நொய்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டு படுத்தேன். வெளுப்பாங்காலத்துல ரப்பர் வெட்டுக்கு ஆள் வந்தாச்சான்னு பாக்க போன எடுத்தா நடுவுல பச்சையா ஒரு கோடு. மொதல்ல கண்ணுலதான் ஏதோன்னு நெனச்சி மூஞ்ச கழுவிட்டு வந்து பாத்தேன். கோடு அங்கனயேதான் நிக்குது.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. அமோலெட்டுங்கற வகை டிஸ்ப்ளே போட்ட போனுல இந்தக் கோடு பல கம்பெனிக்கும் வந்திருக்கு, அப்டேட் போட்டதுக்கு பொறவுதான் வந்துச்சுன்னு ஊருப்பட்ட பேரு பொலம்பியிருக்காங்க. நாகர்கோயில்ல இந்த போன் கம்பெனிக்க சர்வீஸ் சென்டருக்கு போனா டோக்கன் குடுத்து ஒரு மணிக்கூறு உக்கார வச்சிட்டு, அந்த பிள்ளை போன ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு "வாரண்டி முடிஞ்சிட்டு சார், டிஸ்ப்ளே மாத்தணும், 9,400 ஆவும்"னு சொல்லிச்சு. நீங்க அனுப்புன அப்டேட்டுனாலதான வந்துச்சுன்னேன். "அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்." பொறவு எதுக்கும்மா சம்பந்தம், அமாவாசைக்கா? 22,999 ரூவா போனுல அஞ்சுல ரெண்டு பங்கு வெலைய வெறும் கண்ணாடிக்கு கேக்காங்க. அதுலயும் ஸ்டாக் இல்லையாம், சென்னையில இருந்து வரணுமாம், ஒரு வாரம் ஆவுமாம்.

சரின்னு மார்த்தாண்டத்துல தெரிஞ்ச பயல் ஒருத்தன் வச்சிருக்க சின்ன மொபைல் கடைக்கு போனேன். அவன்தான் இந்த உலகத்துலயே எங்கிட்ட நேரா பேசுன ஒரே ஆளு. "அண்ணே, காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேந்த செட்டு, மூணு தினுசு இருக்கு. இன்செல் காப்பி, அதாவது எல்சிடி வகைன்னா 2,800, ஆனா டிஸ்ப்ளேக்குள்ள இருக்க பிங்கர்பிரிண்ட் வேல செய்யாது, கலரும் வெளுத்துரும். ஓஎல்இடி காப்பி, இது அமோலெட் வகை, 5,500. ஒரிஜினல் எனக்க கையில இல்ல, இருக்குன்னு சொல்றவன நம்பாதீங்க." கூடவே, "இந்தக் கோடு மறுபடி வராதுன்னு நான் கேரண்டி தரமாட்டேன்"னும் சொன்னான். ரெண்டு நிமிஷம்தான் பேசுனான். கோடி கோடியா கொட்டி விளம்பரம் எடுக்க எந்த கம்பெனியும் அந்த ரெண்டு நிமிஷ விஷயத்த இதுவரைக்கும் எனக்கு சொன்னதில்ல.

இனி புது போனு வாங்கிரலாம்னு பாத்தா அங்கதான் கூத்தே. எனக்க அக்கா மவன் ஒருத்தன் இஞ்சினியரிங் படிக்கான், வீட்டுல போனு வாங்குற டிப்பார்ட்மெண்ட் அவனுக்க கையில. இந்த கோடு போனையும் எடுக்க வச்சது அவன்தான். "மாமா, அமோலெட் மாமா, கலரு சும்மா எடுப்பா தெரியும், கண்ண மூடிட்டு எடுங்க"ன்னான். கண்ண மூடிட்டுதான் எடுத்தேன். இப்போ மறுபடி நாலு போன வரிசையா வச்சி உள்ள இருக்க சிப்பு ஸ்னாப்டிராகன்ங்கான், டைமன்சிட்டிங்கான், ஸ்கிரீன் செகண்டுக்கு எத்தன தடவ மாறுதுங்கற கணக்குல ஒண்ணு 120 ஹெர்ட்ஸாம் இன்னொண்ணு 144 ஹெர்ட்ஸாம். நான் அந்த போனுல பாக்குறது கோட்டயம் மார்க்கெட்டுல ஆர்எஸ்எஸ்-4ங்கற தரத்து ரப்பர் ஷீட்டுக்கு இன்னைக்கு என்ன வெலைங்கறதும் வாட்ஸ்அப்பும்தான். 144 ஹெர்ட்ஸ்ல பாத்தா ரப்பர் வெல ஏறுமாலே?

கேமராவ பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு வெப்ராளம் வந்துரும். 200 மெகாபிக்சலாம். போட்டோ எடுக்கும்போது போனு 16 பிக்சல ஒண்ணா சேத்து ஒரு பிக்சல் ஆக்கிதான் சேவ் பண்ணுது, கடைசியில நம்ம கையில வாறது 12.5 மெகாபிக்சல். அதுல தப்பு இல்ல, இருட்டுல வெளிச்சம் கூட கெடைக்கும், நல்ல வேலதான். ஆனா டப்பாவுல 12.5ன்னு போடுவானா? 200ன்னு ஆனை சைசுல போடுவான். அந்த 12.5ஐயும் வாட்ஸ்அப்ல அனுப்புனா அது இன்னும் நசுக்கி அனுப்பும். கல்யாண வீட்டு போட்டோவ யாரு 200 மெகாபிக்சல்ல பாத்தா, சொல்லுங்க. பொறவு மூணு கேமரா நாலு கேமராங்கானே, பல போனுல அதுல ரெண்டு வெறும் 2 மெகாபிக்சல்தான், கிட்டப்போயி எடுக்க மேக்ரோவும் தூரம் கணக்கு பாக்க டெப்த்தும், எண்ணிக்கைக்கு வச்ச பொட்டு. பந்தியில எல போட்டாச்சின்னு காட்ட ஊறுகாய் மட்டும் வச்ச மாதிரி.

சித்ரா பௌர்ணமி அன்னைக்கு கன்னியாகுமரியில மேக்க சூரியன் எறங்கும், கெழக்க சந்திரன் ஏறும், ரெண்டையும் ஒரே எடத்துல நின்னு பாக்கலாம், அத பாக்க நாங்க குடும்பத்தோட போறது வழக்கம். அந்த கூட்டத்துல ஒருத்தன் சாம்சங் அல்ட்ரா போன தூக்கி 100 மடங்கு ஜூம் பண்ணி நெலாவுல உள்ள குழி வரைக்கும் காட்டுறான், சுத்தி நின்னவன் எல்லாம் வாயப் பொளக்கான். எனக்க மருமவனும்தான். 2023 மார்ச்சுல ஒருத்தன் வேணும்னே மங்கலாக்குன ஒரு நெலா படத்த கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல போட்டு, ரூம இருட்டாக்கி, தூரத்துல நின்னு சாம்சங் போனுல படம் புடிச்சான். அந்த ஸ்கிரீன்ல இல்லாத குழியெல்லாம் போட்டோவுல வந்துச்சு. கம்பெனியும், ஆமா, இது நெலான்னு ஏஐ கண்டுபுடிச்சி டீட்டெயில் கூட்டிக் குடுக்குதுன்னு வெளக்கம் சொல்லிச்சு. கண்ணு முன்னால முக்கடலுக்கு மேல அசல் நெலா நிக்குது, இவன் போனு வரைஞ்ச நெலாவ பாத்து கைதட்டுறான்.

எங்க வீட்டுல ஐபோன் கட்சியும் உண்டு, எனக்க தம்பி. 12, 13, 14, 15, 16 எல்லாமே இஞ்ச வந்தப்போ தொடக்க வெல 79,900. அந்த அஞ்சு வருஷமும் ஒரே வெல, அந்த ஒழுக்கம் மட்டும் எனக்கு புடிச்சிருந்துச்சு. ஷீட்டு கிலோ 190 ரூவான்னு வச்சா 79,900 ரூவா ஐபோனுக்கு ஏறத்தாழ 420 கிலோ ஷீட்டு விக்கணும். 420! நான் ஒண்ணும் சொல்லல, கணக்கு அப்பிடி விழுந்துச்சு. நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்றான், செஞ்சும் வெல கொறையாது. 2020 அக்டோபர்ல ஐபோன் 12 வந்தப்போ டப்பாவுல சார்ஜர் இல்ல, பூமிய காப்பாத்துறாங்களாம். சாம்சங் அத கிண்டல் பண்ணி, எங்க டப்பாவுல சார்ஜர் உண்டுன்னு போஸ்ட் போட்டான். மூணு மாசம் கழிஞ்சி 2021 ஜனவரியில எஸ்21 வந்துச்சு, அவன் டப்பாவுலயும் சார்ஜர் இல்ல, போட்ட போஸ்டையும் எடுத்துட்டான். சம்பந்தி வீட்டு பந்தியில பாயசம் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லி சிரிச்சவன் தன் வீட்டு கல்யாணத்துல எலைய மட்டும் போட்ட கத.

ஒப்போ நல்லதா விவோ நல்லதான்னு மருமவனும் அவனுக்க சேக்காளியும் ஒரு நாள் டீக்கடையில வச்சி சட்டையப் புடிக்காத கொற. லேய், ரெண்டும் ஒரே தறவாட்டுல பொறந்ததுதான், ரியல்மியும் ஒன்பிளஸும் அங்க உள்ளதுதான்னு சொன்னா மொறைக்கான். ரெட்மி போகோ சண்டையும் அப்பிடித்தான், ரெண்டும் ஷாவ்மி வீட்டு பிள்ளைய. அண்ணன் தம்பி ரெண்டு கட போட்டு ஒரே சந்தையில கூவுறான், நாம ரெண்டு கட்சியா நின்னு மண்டைய ஒடைக்கோம்.

நாகர்கோயில்ல ஒரு பெரிய கடையில ஏறுனேன். ஏசி, மியூசிக்கு, வாசல்ல பலூன் எல்லாம் கெட்டியிருந்து. டீசர்ட் போட்ட தம்பி ஒண்ணு வந்து மூச்சு விடாம ஆரம்பிச்சான், சார் இது ஏஐ போன் சார், ரேம் 8 பிளஸ் 8 பதினாறு ஜிபி சார். அந்த ரெண்டாவது 8 எங்கேர்ந்துலேன்னு கேட்டா ஸ்டோரேஜ்ல இருந்து எடுக்குமாம். அது ரேமா? வீட்டுக்குள்ள எட்டு பேரு படுக்க எடம் இருக்கு, மிச்சம் எட்டு பேர வெறகுப்பெரையில படுக்க வச்சிட்டு பதினாறு பேரு தங்குற வீடுன்னு வாடகைக்கு விட்டா ஒத்துக்குவமா? 5ஜி உண்டு சார்னான். எங்க வீடு குலசேகரத்துக்கு அந்தால ரப்பர் மூட்டுக்கு நடுவுல, சுத்தி மல. முத்தத்துல நின்னா சிக்னல் ரெண்டு கட்ட, அடுக்களைக்குள்ள போனா அதும் இல்ல. வைஃபை காலிங் ஒழுங்கா எடுக்குமான்னு கேட்டேன், அவனுக்கு தெரியல. ஜியோ 5ஜி ஒரு வகை, ஏர்டெல் 5ஜி வேற வகை, வெல கொறஞ்ச சில 5ஜி போனுல ஒண்ணு எடுக்கும் மத்தது எடுக்காது, இது எந்த வகைன்னு கேட்டேன், அதும் தெரியல. தண்ணி போவாது சார், ஐபி68னான். குளச்சல்ல வள்ளத்துல போற கூட்டுக்காரன் ஒருத்தன் எனக்கு உண்டு, அவனுக்காவ கேட்டேன், உப்புத்தண்ணி? முழிக்கான். அந்த டெஸ்டு லேப்ல நல்ல தண்ணியில பண்றது, கடலுக்கு இல்ல. விளம்பரத்துல நீச்சல் குளத்துல முக்கி எடுப்பான், வாரண்டி பேப்பர்ல ஈரம் பட்டா நாங்க பொறுப்பில்லம்பான்.

கடைசியா எனக்க கேள்விய கேட்டேன். தம்பி, இந்த போனுக்கு டிஸ்ப்ளே மாத்த எவ்ளோ ஆகும், நாகர்கோயில்ல ஸ்டாக் இருக்குமா?

அந்த பயல் என்ன பாத்த பார்வை இருக்கே, பொண்ணு பாக்க வந்த எடத்துல கருமாதிக்கு எவ்ளோ செலவாகும்னு கேட்ட மாதிரி. "சார், புது போனு வாங்கும்போதே ஏன் சார் அபசகுனமா பேசுறீங்க?"

மேனேஜர கூப்பிட்டான். அவரு வந்து, அதுக்குதான் சார் ஸ்கிரீன் பிளான் இருக்கு, 1,899 கெட்டிருங்க, கவலையே வேண்டாங்காரு. அப்போ இவனுவளுக்கு தெரியும்! ஒடையும்னு தெரியும், மாத்த காசு கூடன்னும் தெரியும், அத வச்சி தனியா ஒரு யாவாரமே நடக்குது. சரி, கோடு வந்தா பிளான்ல வருமான்னு கேட்டேன். "இல்ல சார், கீழ விழுந்து ஒடைஞ்சாதான்." அப்போ கோடு வந்த ஒடனே கீழ போட்டு ஒடைச்சிரணுமான்னு கேட்டேன், பக்கத்துல நின்ன அக்கா ஒருத்தி சிரிச்சிட்டு, மேனேஜர் சிரிக்கல.

பொறவு இஎம்ஐ. நோ காஸ்ட்டாம். ரொக்கம்னா எவ்ளோன்னு கேட்டா அதே போனு 21,500, இஎம்ஐன்னா 22,999, கூட பிராசசிங் பீஸ் 499. கூட்டிப் பாத்தா 1,998 ரூவா அதிகம், அதுக்குப் பேரு காஸ்ட் இல்லையாம். 2020 ஏப்ரல்ல போனுக்கு ஜிஎஸ்டிய 12ல இருந்து 18 சதவீதம் ஆக்குனானுவ, அது வேற உள்ள இருக்கு. பழைய போன எக்ஸ்சேஞ்சுக்கு நீட்டுனேன், பேனர்ல "5,000 வரை"ன்னு இருந்து. கோட்ட பாத்துட்டு 600 சொன்னான். அந்த "வரை"ங்கற வார்த்தைய எழுதுனவனுக்கு தனியா போனஸ் குடுத்திருப்பாங்க.

நியாயத்துக்கு ஒண்ணு சொல்லணும். 2023 அக்டோபர்ல கூகுளுக்க பிக்சல் 8 போனுக்கும் 2024 ஜனவரியில சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷம் அப்டேட் உண்டுன்னு சொன்னானுவ பாத்தியளா, இத்தனை வருஷ விளம்பரத்துல எனக்கு உருப்படியா பட்டது அது ஒண்ணுதான். ஆனா கோடு அப்டேட்டு கூட வந்தவனுக்கு ஏழு வருஷ அப்டேட்டுன்னா வயித்துல புளியக் கரைக்குது. ஏழு வருஷம் சாப்ட்வேர் வரும், கண்ணாடி வருமா? ஐரோப்பாவுல 2025 ஜூன் 20ல இருந்து விக்குற போனுக்கு, இத எவ்ளோ சுளுவா ரிப்பேர் பண்ணலாம்னு மார்க்கு போட்டு லேபிள் ஒட்டணும், மாடல் விக்குறத நிறுத்துன பொறவும் ஏழு வருஷம் ஸ்பேர் குடுக்கணும். அதே கம்பெனிதான், அங்க வாய மூடிட்டு ஒட்டுறான். இஞ்ச சிலவன் வெப்சைட்டுல ஒரு மூலையில ஸ்பேர் வெல போட்டிருக்கான், தேடுனா கெடைக்கும், ஆனா டப்பாவுலயோ கடையிலயோ யூடியூப்ல அன்பாக்சிங் பண்றவன் வாயிலயோ அது வராது. அவன் ஒரு வாரம் வச்சிருந்து திருப்பிக் குடுக்குற போனுக்கு எதுக்கு டிஸ்ப்ளே வெல?

அம்மைக்க பட்டன் போனு கெணத்தடி கல்லுல எத்தன தடவ விழுந்திருக்கும்னு கணக்கு இல்ல. "மக்களே, உனக்க போனுல அந்த கோடு அழிஞ்சிட்டா?"ன்னு தெனமும் காப்பி குடுக்கும்போது கேக்கும்.

அழியல. நான் ஒண்ணும் வாங்காமதான் பஸ் ஏறுனேன். கடைக்காரன் மூணு தடவ கூப்பிட்டுட்டான், ஆஃபர் ஞாயித்துக்கெழமையோட முடியுதாம். நேத்து ராத்திரி பாக்கேன், பச்சைக்கோட்டுக்கு பக்கத்துல ரோஸ் கலர்ல இன்னொண்ணு வந்திருக்கு. மருமவன் சொன்னது சரிதான், அமோலெட்ல கலரு நல்ல எடுப்பா தெரியுது.