கூகுள் ஃபார்ம் அனுப்பினால் மட்டும் ஆய்வு ஆகிவிடாது

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் சீசன். வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கூகுள் ஃபார்ம் வருகிறது. "டிவி சீரியல்கள் பெண்களைத் தவறாகச் சித்திரிக்கின்றனவா?" கீழே 'முற்றிலும் ஏற்கிறேன்' தொடங்கி ஐந்து வட்டங்கள். நிரப்புவது யார்? வகுப்பு நண்பர்களும் ஹாஸ்டல் தோழிகளும். அதில் சீரியல் பார்ப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆய்வேட்டிலோ 'தமிழகப் பெண்கள்' என்று அச்சாகி, கலர் கலராகப் பை சார்ட்டும் வந்துவிடும்.

சர்வேயே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர், எந்த வயது, எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால் அதுதான் வழி, மாதிரியை ஒழுங்காக எடுத்தால். ஆனால் ஒரு காட்சியை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த வட்டங்கள் சொல்லாது.

ராத்திரி ஏழரைக்கு ஒரு வீட்டில் போய் உட்காருங்கள், முறையாக அனுமதி கேட்டுவிட்டு. அந்த அக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். ஹாலில் டிவி சத்தமாக ஓடும். பின்னணி இசை ஏறும்போது மட்டும் கரண்டியோடு எட்டிப் பார்த்து, கதையில் வரும் மாமியாரை நாலு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே போவார். "தினமும் எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள்?" என்றால் அவர் என்ன சொல்வார்? அவர் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அந்த நாலு வார்த்தையில்தான் உங்கள் ஆய்வே இருக்கிறது. அவர் சொன்னபடியே அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் அது உங்கள் பேச்சாகிவிடும்.

ஒரே நிகழ்ச்சியைச் சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்பார்கள், சிலர் எதிர்த்துப் பொருள்கொள்வார்கள் என்று பிரிட்டன் ஊடகச் சிந்தனையாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973லேயே எழுதினார். டேவிட் மார்லி என்ற ஆய்வாளர் பிபிசியின் 'நேஷன்வைடு' நடப்புச் செய்தி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்களைப் பேசவிட்டு அதைச் சோதித்தார். 'டாலஸ்' என்ற அமெரிக்க டிவி தொடர் பற்றி எழுதச் சொல்லி நெதர்லாந்துப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்த ஆய்வாளர் ஈயன் ஆங்குக்கு வந்தவை 42 கடிதங்கள். அவற்றை வைத்து அவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் இன்றும் பாடம். மானுடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் தங்கி, ஏழை எளிய சினிமா ரசிகர்களோடு பழகி எழுதிய புத்தகம் 1993இல் வந்தது. நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இவர்களில் யாரும் பை சார்ட்டை நம்பி இருக்கவில்லை. ஆனால் இங்கே வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே "சாம்பிள் எவ்வளவு?" அதற்குப் பயந்தே மாணவர்கள் ஃபார்ம் பக்கம் ஓடுகிறார்கள். வழிகாட்டிகளே, பத்து வீடு போதும் என்று முதல் நாளே சொல்லுங்கள். களக்குறிப்பு நோட்டை மாதாமாதம் வாங்கிப் படியுங்கள். வைவாவில் அந்தக் கேள்வி வரும்போது மாணவரைத் தனியாக விட்டுவிடாமல் நீங்களும் பேசுங்கள்.