வாசிப்பவருக்கு இரண்டு கைதான்

கணினியில் இசையமைப்பது பற்றிய உங்கள் தொடரில், சாம்பிளை (பதிவு செய்த டிரம் ஒலியை) வைத்து டிரம்ஸ் அமைக்கும்போது எல்லா அடியையும் நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்துவிடுங்கள், அதாவது தாளக் கட்டத்தில் துல்லியமாக உட்கார வைத்துவிடுங்கள், சுத்தமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் சரி, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கு மாம்பலத்தில் வீட்டு அறையிலேயே ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன், முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் செய்தேன், ஸ்னேர் டிரம் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

மிடியில் (நோட்டுகளைக் கணினிக்குச் சொல்லும் முறை) வெலாசிட்டி, அதாவது அடியின் அழுத்தம், 127 வரை இருக்கிறது, எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் உயிர் எங்கிருந்து வரும்? இப்போது 2, 4-ஆம் பீட்டில் விழும் ஸ்னேரை 105-க்கும் 115-க்கும் நடுவில் மாற்றி மாற்றி வைக்கிறேன், இடையில் லேசாகத் தட்டும் கோஸ்ட் நோட்டுகளை 30, 40-க்கு இறக்கிவிடுகிறேன். ஹைஹேட்டில் (ஜோடி சிம்பலில்) பீட்டில் விழுவது அழுத்தமாக, நடுவில் விழுவது மெதுவாக. ஸ்னேரை மட்டும் ஐந்தாறு மில்லிசெகண்ட் பின்னால் தள்ளிப் பாருங்கள், மெதுவான பாட்டு அப்படியே நிதானமாக உட்காரும். கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்மை) நான் நகர்த்துவதில்லை, பேஸ் கிட்டார் அதோடு ஒட்டி வர வேண்டும்.

அப்புறம் ஒன்று. டாம் டிரம்களில் ஃபில் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வாசிக்கும் சின்ன உருட்டு) ஓடும்போது ஹைஹேட்டும் நிற்காமல் ஓடுவதைக் கேட்ட டிரம்மர் நண்பர் ஒருவர், "மூன்றாவது கை யாருடையது?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபில்லையும் தொடையில் தட்டிப் பார்க்கிறேன், என் இரண்டு கைக்கு வராததை நோட்டாகப் போடுவதில்லை.

அடுத்த பகுதியில் ரவுண்ட் ராபின் பற்றி எழுதுங்கள், ஒரே அடியைப் பல முறை பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்க வைப்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை.