150 என்ற கோடு யாருக்குப் போட்டது?
"பெண்களுக்குப் பலன் குறைவு, அதனால்தான் கருவி பொருத்துவதும் குறைவு" என்று இதயக் கருவிகள் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது, சிஆர்டி (இதயத்தின் கீழறைகளை ஒருசேரத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வகைக் கருவி) விஷயத்தில் தலைகீழ். அந்தக் கருவியைச் சோதித்த மேடிட்-சிஆர்டி ஆய்வில் பெண்கள் கால்வாசிப் பேர்தான். ஆனாலும் இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்கான அபாயம் ஆண்களுக்கு 28 சதவீதம் குறைந்தபோது பெண்களுக்கு 69 சதவீதம் குறைந்தது. சிக்கல் ஈசிஜி அளவுகோலில் இருக்கிறது. பெண்களின் இதயம் சற்றுச் சிறியது, க்யூஆர்எஸ் அகலமும் (கீழறைகளில் மின்தூண்டல் பரவ ஆகும் நேரம், ஈசிஜியில் தெரிவது) இயல்பிலேயே குறைவு. ஆணுக்குச் சுமாரான கோளாறைக் காட்டும் 140 மில்லிசெகண்ட், பெண்ணுக்குப் பெரிய கோளாறாகவே இருக்கலாம். கருவி பொருத்த 150 மில்லிசெகண்ட் வரட்டும் என்று காத்திருந்தால், இடது கற்றைக் கிளை அடைப்பு (இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்தூண்டல் போகும் பாதையில் தடை) உள்ள பெண்கள் பலர் விடுபட்டுப்போவார்கள். என் பெரியம்மாவுக்கும் முதலில் "மாத்திரையே போதும்" என்றுதான் சொன்னார்கள். பொருத்தும்போது பெண்களுக்குச் சிக்கல் அதிகம் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது உண்மைதான், நுரையீரல் உறைக்குள் காற்றுப் புகுவது அவர்களிடம் கூடுதல். அதற்காகக் கருவியே வேண்டாம் என்பதா? வெறும் ஐசிடி (ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் மின்னதிர்ச்சி தந்து சரிசெய்யும் கருவி) என்றால் கதை வேறு. அங்கே பெண்களுக்கான ஆதாரம் மெலிதுதான்.